பவளத் தொட்டிப் படத்துக்குக் கீழே மூன்று வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் பவளத் தொட்டி வளர்ப்பதைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். கடல் உயிர்களுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பக்கத்தின் நடுவில் இருந்த பெரிய படத்தையும், நீல வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக ஜொலிக்கிற அந்தக் கிளைப்பவளத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த "ஆரோக்கியமான பவளம் இப்படித்தான் மின்னும்" என்ற வரியையும் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதே மாதிரி ஒரு படம் என்னிடமும் இருக்கிறது. அதை எடுத்த 12-ஆம் நாள் அந்தப் பவளம் செத்துப்போனது.

நான் 9 வருடமாக 200 லிட்டர் தொட்டி ஒன்றில் பவளம் வளர்க்கிறேன். இது நடந்தபோது தொட்டிக்கு 2 வயது. அக்ரோபோரா என்ற கிளைப்பவள வகையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வாங்கிப் பாறையில் ஒட்டியிருந்தேன், நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பாசி படிகிறதே என்று, அதற்குச் சத்தாகிற பாஸ்பேட்டை உறிஞ்சுகிற இரும்பு ஆக்சைடு துகள்களை அளவுக்கு மேல் போட்டேன். கூடவே, சீக்கிரம் வளரட்டும் என்ற ஆசையில் ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் கையிருப்பை, 11 டிகேஎச் (அதை அளக்கிற அலகு) வரை ஏற்றி வைத்திருந்தேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் வற்றிப்போன தண்ணீரில் இவ்வளவு ஆல்கலினிட்டி இருந்தால் அக்ரோபோரா தாங்காது என்பது எனக்குத் தெரியாது. பழுப்பாக இருந்த துண்டு மெல்ல மெல்ல வெளிறி, நீல விளக்கில் ரோஜா நிறமாக மின்ன ஆரம்பித்தது. போனில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன், எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் அடிப்பாகத்திலிருந்து சதை உரிந்தது, இரண்டே நாளில் வெள்ளை எலும்புக்கூடு.

பிறகுதான் நோட்டைப் புரட்டினேன். பாஸ்பேட் 0.06 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அடுத்த வாரம் 0.02, அதற்கடுத்த வாரம் 0. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. எண்கள் நோட்டில், படங்கள் போனில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்: தண்ணீர் அளவு இல்லாத படமும் படம் இல்லாத தண்ணீர் அளவும் பாதிச் செய்திதான், அந்தப் பாதியை நம்பினால் உயிர் போகும்.

சாகப்போகிற பவளம் ஏன் அழகாக மின்னியது? பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி அவை தயாரித்துக் கொடுப்பதுதான், பழுப்பு நிறமும் அவற்றால்தான். நுண்பாசி குறையும்போது, அதுவரை மறைந்திருந்த பவளத்தின் சொந்த ஒளிர்நிறமிகள் வெளியே தெரிகின்றன. பாசி போனதும் வெறும் எலும்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் சதைக்குள் அதிகமாவதால் பவளம் அந்த நிறமிகளைக் கூடுதலாகவும் சுரக்கிறது. வண்ணமயமான வெளிறல் என்ற இந்த நிலையை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினார்கள். மிதமான வெப்பம் மட்டுமல்லாமல், தண்ணீரில் சத்துகளின் அளவு குலைந்தாலும் இது வரலாம். நம் தொட்டி விளக்கின் நீலம், ஏறக்குறைய 450 நானோமீட்டர், இந்த நிறமிகளில் பலவற்றை நன்றாகத் தூண்டிவிடும். போன் கேமராவோ தன் பங்குக்கு நிறத்தை இன்னும் கூட்டிக் காட்டும். எனவே மினுக்கத்தை வைத்து ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது.

எண்ணை மட்டும் நம்பினாலும் இதே கதிதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஆல்கலினிட்டி 6 டிகேஎச் என்று வந்தது. பதறிப்போய் சோடா உப்புக் கரைசலைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் முந்தின நாள் எடுத்த படத்தில் கிளைகளின் வளர்நுனிகள் வெள்ளையாக, பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற சின்னச் சின்ன உடல்கள்) முழுக்க விரிந்து, மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தில் இருந்ததைவிட நுனி நீண்டு தெரிந்தது. இப்படி வளர்கிற தொட்டியில் 6 இருக்குமா என்று சந்தேகம் வந்து டெஸ்ட் கிட்டின் புதிய மருந்துப் பாட்டில் திறந்து மறுபடி பார்த்தேன், 8.4. பழைய பாட்டில் கெட்டுப்போயிருந்தது. அன்றைக்கு அந்தப் படம் இல்லாவிட்டால் நல்ல தண்ணீரில் கரைசலைக் கொட்டியிருப்பேன்.

உங்கள் கட்டுரையில் ஆல்கலினிட்டியையும் பிஎச்சையும் ஒன்றாக்கி எழுதியிருந்தார்கள், அதையும் திருத்த வேண்டும். பிஎச் என்பது அந்த நேரத்தில் தண்ணீரின் அமில, கார நிலை. ஆல்கலினிட்டி என்பது அமிலத்தைத் தாங்கிக்கொள்கிற கையிருப்பு, கடல்நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும். பவளம் எலும்பு கட்ட இந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்கிறது, கூடவே கால்சியத்தையும். கணக்கு இப்படி: ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறையும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும். 8 டிகேஎச்சில் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 420 பிபிஎம் கால்சியத்தில் 20 போனால் 5 சதவீதம்கூட இல்லை, சாதாரண டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஆல்கலினிட்டியை வாரத்தில் இரண்டு மூன்று தடவை பார்க்கிறார்கள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை பார்த்தால் போதும்.

கடலில் இந்தக் கவலை கிடையாது. சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கொண்டுவந்த தண்ணீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலர் அலசி 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தப் பெருங்கடலில் மொண்டாலும், எவ்வளவு ஆழத்தில் மொண்டாலும், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 200 லிட்டர் தொட்டியில் அந்த விகிதத்தைக் காப்பாற்ற ஆறும் இல்லை, ஆழ்கடலும் இல்லை. பவளம் எடுத்ததை நாம்தான் திருப்பிப் போட வேண்டும், அதுவும் மெதுவாக. ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் நான் ஏற்றுவதே இல்லை.

இன்னொன்று, எல்லா அளவுக்கும் அடிப்படை உப்புத்தன்மை. ஒரு கிலோ தண்ணீருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டியது 32-க்கு இறங்கியிருந்தால், 420 இருந்த கால்சியம் 384 என்று காட்டும். கால்சியம் குறைகிறது என்று மருந்து ஊற்றுவீர்கள், உண்மையில் குறைந்தது உப்பு. உப்புத்தன்மையை அளக்கிற ரீஃபிராக்டோமீட்டரை வெறும் சுத்தத் தண்ணீரில் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல் 35-க்கான அளவுத் திரவத்திலும் சரிபாருங்கள். நேரமும் முக்கியம். இரவில் எல்லா உயிரும் மூச்சு விட்டுக் கரியமில வாயு சேர்வதால் விளக்கு எரியும் முன் பிஎச் அடிமட்டத்தில் இருக்கும், விளக்கு அணைகிற நேரத்தில் உச்சத்தில் இருக்கும். 8.0-உம் 8.3-உம் ஒரே தொட்டியில் ஒரே நாளில் வரலாம். அறையைப் பூட்டி வைத்தாலும் இறங்கும், என் தொட்டியில் ஜன்னலைத் திறந்தாலே 0.1 ஏறுகிறது. ஒரு நாள் காலையும் மறுநாள் மாலையும் அளந்து ஒப்பிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். பதிவுக்காக எடுக்கிற படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அடுத்த வாரப் படத்தோடு ஒப்பிடும்படி இருந்தால் போதும். அளவு பார்க்கிற அதே நேரத்தில் எடுக்கிறேன். தொட்டி விளக்கை நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாற்றி, அந்த அமைப்பை எந்த வாரமும் தொடாமல் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் முன்பே கண்ணாடியைத் துடைத்துவிட்டால் கிளம்பிய தூசி அடங்கிவிடும். அறை விளக்கை அணைத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு வராது. லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்து விளிம்பெல்லாம் மங்கிவிடும். ட்ரைபாட் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறேன். அலை பம்பை மூன்று நிமிடம் நிறுத்துகிறேன், திரும்பப் போட மறக்காமல் இருக்க போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான்.

நிறம்தான் பெரிய சிக்கல். எது வெள்ளை என்று கேமரா கணிக்கிற ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கேமரா ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம் சொல்லும். அதனால் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் பவளத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கி வைத்து எடுக்கிறேன், அதில் சென்டிமீட்டர் கோடு கீறியிருக்கிறேன். கேமரா தானாக நிறம் மாற்றாத ரா ஃபைலாக எடுத்து, பிறகு அந்தப் பட்டை வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்தால் எல்லா வாரமும் ஒரே நிறக் கணக்கு. கோட்டை வைத்து வளர்ச்சியையும் அளந்துவிடலாம். படம் முடிந்ததும் பட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் ஊதாப் பாசி ஏறிவிடும். போன்தான் இருக்கிறது என்றால் லென்ஸ் மேல் ஆரஞ்சு ஃபில்டர் வையுங்கள், அது நீலத்தை ஓரளவு வெட்டும். நிறம் கூட்டுகிற வசதிகளையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

டெஸ்ட் கிட்டையும் படம் பிடிக்கிறேன். நிறம் மாறிய குப்பியையும் மருந்து அளவு தெரிகிற சிரிஞ்சையும் வெள்ளைத் தாள் முன் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு படம். நிறம் மாறியதும் நிறுத்தினேனா, ஒரு சொட்டு அதிகம் விட்டேனா என்று பிறகு சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். தொட்டிப் படமும் இந்தப் படமும் ஒரே தேதியில் அடுத்தடுத்து வந்து நிற்கும். நான் முன்பு செய்யாத வேலை இதனால் தானாக நடந்துவிடுகிறது.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை சின்னது. இனி பவளத் தொட்டிப் படம் போட்டால் கீழே மூன்று வரி சேருங்கள்: தொட்டிக்கு எத்தனை வயது, படம் எந்த விளக்கில் எடுத்தது, அந்த வாரம் ஆல்கலினிட்டியும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு. தொட்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், அவரிடம் இல்லை என்றால் அதுவே வாசகருக்கு ஒரு தகவல். அச்சில் நிறத்தைக் கூட்டாதீர்கள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் முதல் பவளத்தை வாங்கப் போகிறார், பழுப்பாக நன்றாக வளர்கிற துண்டை ஒதுக்கிவிட்டு வெளிறி மின்னுகிற துண்டை எடுப்பார். கற்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற உயிர்கள், நாடு விட்டு நாடு போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். அவ்வளவு தூரம் வந்த ஓர் உயிர் நாம் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு நிறத்தால் சாகக் கூடாது.

செத்துப்போன என் அக்ரோபோராவின் அந்த ரோஜா நிறப் படத்தையும், அதே மூன்று வாரத்து நோட்டுப் பக்கத்தையும் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்