மூன்றாவது கட்சிக்குப் போடும் ஓட்டு எங்கே போகிறது? பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

லோயர் ஹட், வெலிங்டன், நியூசிலாந்து
8 ஜூன் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. ஜூன் என்றால் இங்கே குளிர்காலம். தென்துருவப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு ஜன்னல் ராத்திரியெல்லாம் தடதடக்கிறது. முதியோர் இல்லத்தில் இந்த மாதம் எனக்கு ராத்திரி டியூட்டி. விடிந்து வீட்டுக்கு வந்ததும் ரசம் வைத்துச் சூடாகக் குடித்தால்தான் உடம்பு நேராகிறது.

கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்ததைப் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்சிகளே மாறி மாறி ஆளும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று வந்தால் ஜனங்களுக்கு நன்மையா, இல்லை ஓட்டைப் பிரிப்பதோடு சரியா, நீ இருக்கும் நாட்டில் என்ன கண்டாய் என்று கேட்டிருந்தீர்கள். வாத்தியாராக இருந்து முப்பது வருடம் தேர்தல் டியூட்டி பார்த்தவர் கேட்கும் கேள்விக்குப் போனில் நாலு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் நான் ஓட்டுப் போட்ட கதையைச் சொல்கிறேன். நான் இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் ஆகவில்லை. ஆனால் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்று, ஒரு வருடம் தொடர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. 2023 அக்டோபரில் தேர்தல். தேர்தல் நாளுக்கு முன்பே பல நாட்கள் ஓட்டுப் போடலாம் என்பதால், டியூட்டி முடிந்து வரும் வழியில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். விரலில் மை வைக்கவில்லை. அடையாள அட்டையும் கேட்கவில்லை. பெயரைச் சொன்னேன், பட்டியலில் கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். தேர்தல் நாளுக்கு முந்தின ராத்திரிக்குள் ஊரில் ஒரு கட்சிப் பலகைகூட இருக்கக் கூடாதாம். விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டில் இரண்டு டிக் போட வேண்டும், பெரியப்பா. ஒன்று நம் ஊர் மாதிரி, தொகுதி வேட்பாளருக்கு. இன்னொன்று கட்சிக்கு. இரண்டும் ஒரே கட்சியாக இருக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் கட்சிக்கு விழும் இரண்டாவது ஓட்டுதான் நாடாளுமன்றத்தில் யாருக்கு எத்தனை இடம் என்று தீர்மானிக்கிறது. அடிப்படையாக 120 இடம். ஒரு கட்சிக்குப் பத்து சதவீத ஓட்டு என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு இடம். தொகுதிகளில் நாலு பேர் ஜெயித்திருந்தால், மீதி எட்டுப் பேரைக் கட்சி முன்பே வெளியிட்ட பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். இடம் பெறக் குறைந்தது ஐந்து சதவீதம் வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஒரு தொகுதியிலாவது ஜெயித்திருக்க வேண்டும். எம்.எம்.பி. என்று சொல்கிறார்கள். விகிதாசார முறையில், அதாவது ஓட்டின் அளவுக்கு ஏற்ப இடம் தரும் முறையில், ஒரு வகை.

இது ஆதியிலிருந்தே இருந்ததில்லை. எங்கள் இல்லத்தில் எண்பத்து நாலு வயதில் ஒரு பாட்டி இருக்கிறார். தாரனாகி பக்கம் பால்பண்ணை வைத்திருந்தவர். தூக்கம் வராத ராத்திரிகளில் தேநீர் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவேன். உங்கள் கேள்வியை அவரிடம் சொன்னதும் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் இளமையில் இங்கேயும் நேஷனல், லேபர் என்று இரண்டே கட்சிகளின் ஆட்சிதான். எண்ணும் முறையும் நம் ஊர் முறைதான், தொகுதியில் அதிகம் வாங்கியவர் ஜெயித்தார். 1981 தேர்தலில் பாட்டி இரண்டு கட்சியும் வேண்டாம் என்று சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்குப் போட்டார். அவரைப் போல நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் போட்டார்கள், 20.7 சதவீதம். கிடைத்தது 92 இடங்களில் இரண்டு. ஐந்து பேரில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு இரண்டு நாற்காலி. அதே தேர்தலில் லேபர் 39 சதவீதம், நேஷனல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆட்சி அமைத்தது நேஷனல். 1978லும் அப்படியேதான் நடந்ததாம். 1984ல் நியூசிலாந்து கட்சி என்று புதிதாக ஒன்று வந்து 12 சதவீதம் வாங்கி ஒரு இடம்கூட இல்லாமல் போனது.

ஓட்டைப் பெட்டியில் போட்டேனா, கிணற்றில் போட்டேனா என்று புரியவில்லை என்றார் பாட்டி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு 2006 ஞாபகம் வந்தது. விஜயகாந்த் கட்சி ஆரம்பித்து முதல் தேர்தல். மாநிலம் முழுவதும் சேர்த்து எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு, ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டும். நம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, இந்தக் கணக்கு சரியில்லையே என்று நீங்கள் சொன்னது காதில் நிற்கிறது. 2023ல் இங்கே ஆக்ட் என்ற சின்னக் கட்சி வாங்கியதும் எட்டரை சதவீதம்தான். அவர்களுக்கு 11 இடம். அதன் தலைவர் டேவிட் சீமோர் போன வாரம் துணைப் பிரதமர் ஆகிவிட்டார். பதவிக்காலத்தின் முதல் பாதி நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியின் வின்ஸ்டன் பீட்டர்ஸுக்கு, மறுபாதி இவருக்கு என்று ஆட்சி அமைக்கும்போதே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

சரி, முறை எப்படி மாறியது என்றால், மூன்றாவது கட்சி வந்து மாற்றவில்லை. ஜனங்களின் கோபம் மாற்றியது. 1984ல் வந்த லேபர், தேர்தலில் சொல்லாத தாராளமயத்தை எல்லாம் அவசர அவசரமாகச் செய்தது. மானியங்களை வெட்டியது, அரசு சொத்துகளை விற்றது. அது பிடிக்காமல் 1990ல் நேஷனலைக் கொண்டுவந்தால், அவர்கள் உதவித்தொகையையும் வெட்டினார்கள். யாரைக் கொண்டுவந்தாலும் ஒன்றுதான் என்று ஜனங்களுக்குப் பட்டுவிட்டது. 1986லேயே ஓர் ஆணையம் விசாரித்து இந்தப் புதிய முறையைப் பரிந்துரைத்திருந்தது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை. ஆனாலும் வாக்கெடுப்பு வைப்பதாக வாய்விட்டதால் வைக்க வேண்டியதாயிற்று. 1992ல் நூற்றுக்கு எண்பத்து நாலு பேருக்கு மேல் பழைய முறை வேண்டாம் என்றார்கள். 1993ல் இறுதி வாக்கெடுப்பு. வேண்டாம் என்று பணக்காரர்கள் நிறையச் செலவு செய்து பிரசாரம் செய்தும் 53.9 சதவீதம் புதிய முறைக்கு விழுந்தது. பொதுத்தேர்தலும் அன்றே நடந்தது. 35 சதவீத ஓட்டோடு நேஷனல் 99ல் 50 இடம் பிடித்தது. பழைய முறை போகும்போதுகூடத் தன் குணத்தைக் காட்டிவிட்டுத்தான் போனது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இது. எண்ணும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றாவது கட்சியை மட்டும் கொண்டுவந்தால், அதற்கு ஆசைப்பட்டுப் போட்டவர்களின் ஓட்டுதான் வீணாகும். பல நேரம், அவர்களுக்கு எது பிடிக்கவே பிடிக்காதோ அதுவே ஜெயித்துவிடும். அது கட்சியின் குற்றம் இல்லை, கணக்கின் குற்றம்.

கணக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பசுமைக் கட்சிக்காரர்களின் கதை ஒன்று போதும். 1972லேயே இங்கே வேல்யூஸ் என்று ஒரு கட்சி இருந்தது. காடு, ஆறு, காற்று என்று பேசிய கட்சி. தேசிய அளவில் உருவான முதல் பசுமைக் கட்சி உலகத்திலேயே அதுதான் என்கிறார்கள். 1975ல் 5.2 சதவீதம் வாங்கி ஒரு இடமும் கிடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. அந்தக் கொள்கை வழியில் வந்த கிரீன்ஸ் கட்சி 2017ல் வாங்கியதும் ஆறு சதவீதம் சொச்சம்தான். ஆனால் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். அவர்களில் ஜேம்ஸ் ஷா பருவநிலை அமைச்சர் ஆகி, 2019ல் கரியமில வாயுவைக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிரணியில் இருந்த நேஷனலையும் உட்காரவைத்துப் பேசி, அவர்களையும் ஓட்டுப் போட வைத்தார். ஒரே ஊர், ஏறக்குறைய அதே அளவு ஆதரவு. முன்பு ஒன்றுமில்லை, இப்போது ஒரு சட்டம்.

உள்ளே போகிறவர்களின் முகமும் மாறியது. 1996ல், புதிய முறையின் முதல் தேர்தலில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தவரும் பெண்களும் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். ஆசிய வம்சாவளியில் முதல் உறுப்பினர் பான்ஸி வோங் கட்சிப் பட்டியல் வழியாக அந்த வருடம்தான் வந்தார். நம் சென்னையில் பிறந்த பிரியங்கா ராதாகிருஷ்ணன் 2017ல் உள்ளே போனதும் பட்டியல் வழியாகத்தான். மலையாளக் குடும்பம். மூன்று வருடத்தில் அமைச்சரும் ஆனார்.

இதில் குறையே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. அதே 1996ல் பீட்டர்ஸ் 17 இடத்தோடு நடுவில் நின்றார். ஆட்சி மாறும் என்று நம்பி அவருக்குப் போட்டவர்கள் நிறைய. ஏறக்குறைய இரண்டு மாதம் பேரம் பேசிவிட்டு, ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த நேஷனலோடு சேர்ந்தார். இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. கூட்டணி உடைந்தது, அவர் கட்சியும் உடைந்தது, பலர் தாவினார்கள். அப்புறம் இவர்களும் நம் ஊர் மாதிரி கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. அடுத்த தேர்தலில் ஜனங்கள் அவரைத் தண்டித்தார்கள். தன் தொகுதியில் வெறும் 63 ஓட்டில் தப்பினார்.

2008ல் நடந்தது இன்னும் வருத்தம். பீட்டர்ஸ் கட்சிக்கு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், ஒரு இடமும் இல்லை. அதைவிடக் குறைவாக வாங்கிய ஆக்ட் கட்சி ஒரு தொகுதியில் ஜெயித்ததால் ஐந்து இடம் பெற்றது. நாலு சதவீதம் போதும், ஒரு தொகுதி என்ற சலுகையை எடுத்துவிடுங்கள் என்று தேர்தல் ஆணையமே சொல்லியும் இன்னும் திருத்தவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய உறுத்தல் போன வருடம்தான். 1840ல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் வைத்தாங்கியில் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் இந்த நாட்டின் அஸ்திவாரம். அதற்குப் புதுப் பொருள் எழுத ஆக்ட் கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. நேஷனலுக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனாலும் ஆட்சி அமைக்க அவர்கள் தயவு வேண்டுமே, முதல் படிவரை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். எட்டரை சதவீதக் கட்சியின் பிடிவாதத்துக்காக நாடே மாதக்கணக்கில் அலைக்கழிந்தது. நவம்பரில் வடகோடியிலிருந்து ஒன்பது நாள் ஊர்வலமாக வந்து வெலிங்டனில் கூடினார்கள். நாற்பத்திரண்டாயிரம் பேர் என்றது போலீஸ். டியூட்டி முடிந்து ரயில் பிடித்துப் போய் நானும் ஓரமாக நின்றேன். என்னோடு வேலை செய்யும் மாவோரித் தோழி தன் பாட்டியின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். இந்த வலியை அவளுக்குக் கொடுக்காமலேயே இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் முடிவையும் சொல்ல வேண்டும். சுமார் மூன்று லட்சம் பேர் தங்கள் கருத்தை எழுதி அனுப்பினார்கள். இந்த ஏப்ரல் 10ஆம் தேதி ஓட்டெடுப்பில் ஆதரவு 11, எதிர்ப்பு 112. அந்தக் கட்சியைத் தவிர யாரும் கைகொடுக்கவில்லை. ஒரே கட்சி தனிப் பெரும்பான்மையோடு இருந்து, அதன் தலைவர் மனதில் இப்படி ஒன்று தோன்றியிருந்தால் தடுக்க வழியே இருந்திருக்காது. 1984ல் அப்படித்தானே ஆனது என்றார் பாட்டி. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், பெரியப்பா. சின்னக் கட்சி சில நேரம் அளவுக்கு மீறி இழுக்கும். பெரிய கட்சி யாரையும் கேட்காமல் ஓடும் ஓட்டத்தைவிட அது ஆபத்துக் குறைவு.

இன்னொன்றும் கவனித்தேன். 1996க்குப் பிறகும் பிரதமர்கள் எல்லாரும் நேஷனல் அல்லது லேபர்தான். இரண்டு பெரிய வீடுகளும் இடிந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் கிணறு வெட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். 2011ல் இந்த முறை வேண்டுமா என்று மறுபடி கேட்டபோது 57 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றார்கள். அனுபவித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது என்பதால் அதற்கு நான் மதிப்பு கொடுக்கிறேன்.

அடுத்த வருடம் அங்கேயும் தேர்தல், இங்கேயும் தேர்தல். புதுக் கட்சியில் சேர்ந்திருப்பதாகத் தம்பி சொன்னான். அவனைத் திட்டாதீர்கள். எத்தனை பேர் ஆதரிக்கிறார்களோ அத்தனை இடம் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை அவன் கட்சி எழுப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பாட்டி உங்களை விசாரித்தார். முப்பது வருடம் மற்றவர்கள் விரலில் மை வைத்த மனிதர் தன் ஓட்டை எப்படிப் போட்டார் என்று கேட்டார். டியூட்டியில் இருந்ததால் தபால் ஓட்டு என்றேன். 2006ல் யாருக்குப் போட்டார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை என்றேன். பாட்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முட்டிவலிக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஊருக்கு வரும் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மாவிடம் வடகம் பிழிந்து வைக்கச் சொல்லுங்கள், திரும்பும்போது அவள் எடுத்து வருவாள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா