செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

"வந்திருக்கும்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்போர் நலச் சங்கத்தில் 86 குடும்பங்கள். இந்த ஹாலில் நாற்காலி போட்டது 40. பின்வரிசைகளை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூட்டியே ஆக வேண்டும், கூட்டியிருக்கிறோம்.

1.4.2024 முதல் 31.3.2025 வரை செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை நானும் பொருளாளரும் மட்டும்தான். ஆகஸ்டு 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. மூன்றாம் குறுக்குத் தெருவில் நான்கு விளக்குகள் எல்இடி ஆயின. வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மூன்று மனு கொடுத்ததில் ஒரு முறை வாரினார்கள். இந்த ஆண்டு நாம் இழந்த இரண்டு மூத்த உறுப்பினர்களில் ஒருவர், சங்கம் தொடங்கிய அன்று முதல் உறுப்பினர் பட்டியலைத் தன் கையால் எழுதிய தலைமையாசிரியர். அறிக்கை முடிந்ததும் இருவருக்காகவும் எழுந்து நிற்போம்.

இனி, எல்லோரும் என் முகத்துக்கு நேரே கேட்காமல் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுத்தொழில் நோட்டு, அதாவது எந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று நான் எழுதி வைத்திருக்கும் நோட்டு.

இது 2024 ஜூனில் தொடங்கியது. இரண்டாம் தெரு உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார், விடிகாலை நான்கு மணிக்கே கிரைண்டர் ஓடுகிறது, "இது குடியிருப்பா, தொழிற்பேட்டையா?" என்பது புகார். புகாரைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குப் புகார் கொடுத்தவர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். இரைச்சல் மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. போனில் ஒரு செயலியை இறக்கி அளந்தேன். 52 காட்டியது. கிரைண்டர் நின்ற பிறகு ஃபேனை மட்டும் போட்டு அளந்தேன், அப்போதும் 50. போனை வைத்துவிட்டு நான் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் அதிர்ந்தது.

விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனோம். டில்டிங் கிரைண்டரின் நான்கு இரும்புக் கால்களும் வெறும் மொசைக் தரையில் நிற்கின்றன, பின்பக்கம் பொதுச்சுவரில் முட்டிக்கொண்டு. சத்தம் ஜன்னல் வழியாக வரவே இல்லை, சுவர் வழியாகத்தான் வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, நான்காக மடித்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் கொடுத்து, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தோம். "ஆறு மணிக்கு மேல அரைச்சா கடைக்குப் போய்ச் சேராது அண்ணே" என்றார் அக்கா. ராத்திரி ஒன்பதுக்குள் அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது என்று ஏற்பாடாயிற்று. புகார் வாபஸ் ஆனது. டியூப் 80 ரூபாய். அது சங்கக் கணக்கில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் யோசித்தேன். அந்த உறுப்பினர் நம்மிடம் வராமல் நேரே பேரூராட்சிக்குப் போயிருந்தால்? அந்த அக்கா அங்கே என்ன பதில் சொல்லியிருப்பார்? நமக்கே விதி தெரியாதே. அதனால் வீடு வீடாகப் போய் எழுதுவது என்று முடிவெடுத்தேன். செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் செய்ததாகச் சொல்கிறார்கள். தீர்மானம் போடக் கூட்டிய கூட்டத்துக்கு வந்தது இரண்டு பேர் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

38 மாலைகள் அலைந்தேன். 86 வீட்டில் 31 வீட்டில் ஏதோ ஒரு தொழில் நடக்கிறது. தையல் ஒன்பது. முறுக்கு, அப்பளம், மாவு, ஊறுகாய் சேர்த்து எட்டு. டியூஷன் ஐந்து. மீதி ஜெராக்ஸ், பியூட்டி பார்லர், சாப்பாட்டு மெஸ் என்று பலவகை. ஒரு வீட்டில் வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார்கள். சரக்கு நிறைந்து சாமி படங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டன. இது ஏதோ நம் தெருவின் ரகசியம் இல்லை. எந்தப் பேரூராட்சியிலும் கதவைத் தட்டினால் இப்படித்தான் இருக்கும்.

விதி என்ன? நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் ஒவ்வொரு மனைக்கும் ஓர் உபயோகம் குறிக்கப்படுகிறது. நம் தெருக்கள் குடியிருப்பு. மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு வரிசை மட்டும் கலப்புக் குடியிருப்பு. குடியிருப்பு என்றால் தொழிலே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சின்னக் கடை, தையல், ஆலோசனை அறை போன்றவற்றுக்கு இடம் இருக்கிறது. பரப்புக்கும் மோட்டாரின் குதிரைத்திறனுக்கும்தான் வரம்பு.

சிக்கல் எங்கே என்றால், ஒரே முறுக்குச் சட்டியை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. ஊரமைப்புக்கு அது வீடு. சொத்துவரிக்கு, முன்னறையில் ஷட்டர் இருந்தால் அது கடை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு, 2024–25-ல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் வெறும் பதிவு போதும் என்றிருந்தது, ஆண்டுக்கு 100 ரூபாய். மின்கட்டணத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். வீட்டோடு சேர்ந்த டாக்டர், வக்கீல் ஆலோசனை அறை 200 சதுர அடி வரை வீட்டுக் கட்டணத்திலேயே வரும். நெசவாளர் வீட்டுக் கைத்தறியும் அப்படியே. முறுக்கு சுடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அவர் வணிகக் கட்டணம் கட்ட வேண்டியதும் இல்லை. 12 கிலோவாட் வரை குடிசைத்தொழில், குறுந்தொழில் என்று தனி இணைப்பு, நாம் 3ஏ1 என்கிறோமே, அது இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு வணிகம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறிய பிறகு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் எழுதி, வீட்டுத்தொழில்களை எந்த வகையில் சேர்ப்பது என்று எல்லா அலுவலகமும் சேர்ந்து ஒரு முகாம் நடத்தித் தெளிவுபடுத்துங்கள் என்று நவம்பரில் மனு கொடுத்தேன். முகாம் நடக்கவில்லை. ஜனவரியில் 11 வீட்டுக்கு மீட்டர் சோதனை வந்தது.

அன்று முதல் எனக்கு "காட்டிக்கொடுத்த செயலாளர்" என்று பெயர். தெளிவாகச் சொல்கிறேன். நோட்டு என் வீட்டு பீரோவை விட்டு வெளியே போகவில்லை. மனுவில் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. அதே வாரத்தில் நம் சங்கத்தில் இல்லாத தெருக்களிலும் சோதனை நடந்தது. வேண்டுமானால் வடக்குத் தெருவில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மனுவோடு தெருவாரியாக ஓர் அட்டவணை இணைத்திருந்தேன். "மூன்றாம் குறுக்குத் தெரு: பியூட்டி பார்லர் 1" என்று எழுதினால் கதவு எண் எதற்கு? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காபி கொடுத்தார்கள். சர்க்கரை போடவில்லை.

ஆனால் மிச்சக் கதையையும் கேளுங்கள். 11 வீட்டில் பொருள் தயாரிக்கிற ஆறு வீட்டாரை நானே இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் உத்யம் பதிவு, அதாவது சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, போட வைத்தேன். அது இலவசம், வெளியில் ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு 3ஏ1 வந்துவிட்டது, ஒருவருக்கு வயரிங் பாக்கி. மூன்று வீடு உள்ளபடியே கடைதான், அவர்கள் வணிகத்துக்கு மாறியதில் நான் செய்ய ஒன்றும் இல்லை. மீதி இரண்டும் தையல் வீடு, அவை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உணவுப் பதிவு எட்டுப் பேருக்கும் எடுத்தாயிற்று. பாக்கெட்டில் பதிவு எண் அச்சடித்த பிறகு டவுன் கடையில் முறுக்கை முன்வரிசையில் வைக்கிறார்கள் என்று முறுக்கு அத்தையே சொன்னார். இதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.

சுயசான்றுக் கட்டட அனுமதி பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நம்மில் இருவர் வாங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் அது வீட்டுக்கு. வீடு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இரண்டு ஷட்டர் மாட்டினால், அப்புறம் நோட்டீஸ் வரும்போது செயலாளரைத் தேடக் கூடாது.

கீழ்ப்புற வயலைக் கிடங்காக்க நில உபயோக மாற்றம் கேட்டிருக்கும் விவகாரம். பேப்பரில் வந்த அறிவிப்பை நான் பார்த்தபோது ஆட்சேபணைக்கு ஏழு நாள்தான் மிச்சம். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 62 பேர் கட்டைவிரல் காட்டினார்கள். கையெழுத்துப் போட வந்தது ஏழு பேர், அதில் மூன்று பேர் என் வீட்டார். இரவில் லாரி வரத் தொடங்கினால் அந்த ஏழு பேருக்கு மட்டும் தூக்கம் கெடப் போவதில்லை. விசாரணை நிலுவையில் இருக்கிறது.

ஆண்டு முடிந்த பிறகு நடந்தது என்றாலும் இதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் சிறு தொழில்களுக்கும் உரிமம் என்று விதிகள் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். நாம் பேரூராட்சி, நமக்கு வேறு விதி. இருந்தாலும் பக்கத்துக் கிராமத்தார் என் நோட்டைப் பார்க்க வந்தார்கள். நம்மவர்கள் யாரும் இதுவரை அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததை விடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, கையிருப்பு ஏதோ இருக்கிறது. வெளியில் கடன் இல்லை. எனக்கு வர வேண்டிய ஜெராக்ஸ், பஸ் செலவைக் கடன் என்று எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய், நாளுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. 86-ல் கட்டியவர்கள் 41. தொழில் செய்யும் 31 வீட்டில் 19 பாக்கி. 3ஏ1 வாங்கிய ஐந்து பேரில் மூன்று பேர் அந்தப் பத்தொன்பதில் இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. தெருவாரியாக அட்டவணையும் போடப் போவதில்லை, பாடம் படித்தாயிற்று.

ஹால் கொடுத்த திருமண மண்டபத்தாருக்கும், மைக் செட்காரருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், எல்லா மனுவிலும் படிக்காமலே கையெழுத்திட்ட தலைவருக்கும் நன்றி. 38 மாலையும் இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்த என் மனைவிக்கும்.

அடுத்த ஆண்டு நான் செயலாளராக இருப்பேனா என்று தெரியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. யாராவது முன்வந்தால் நோட்டையும் மனு நகல்களையும் இன்றே ஒப்படைக்கத் தயார். போன வருடமும் இதையே சொன்னேன் என்று முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. வேட்புமனுப் படிவம் பத்துப் பிரதி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும் பேனாவும் இருக்கின்றன. டீயும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மறைந்த இருவருக்காக எழுந்து நிற்போம்.

இப்படிக்கு,
செயலாளர்