நடுவில் நைரோபி

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பயண அட்டவணையை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார். மூன்று முறை படித்துவிட்டேன். கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு நான்கு நாள், தான்சானியாவின் செரங்கெட்டிப் பூங்காவுக்கு மூன்று நாள், எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. நடுவில் ஒரே ஒரு வரி: "நைரோபி, விமானம் மாற 2 மணி நேரம்." நாங்கள் இருபத்திரண்டு வருடங்களாகக் குடியிருக்கும் ஊர் உனக்கு இரண்டு மணி நேரம்! திரும்பும்போது இரண்டு நாள் எங்களோடு தங்குவதாக எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரக் கணக்கு நடக்காது. பேரன் பேத்தியை முதலில் பார்க்கும் ஆசையில் அம்மா இப்படிச் சொல்கிறாள் என்பாய். ஆசை இருக்கிறதுதான். அதைத் தள்ளிவைத்துவிட்டே கணக்குப் போடுவோம்.

மும்பையிலிருந்து வரும் விமானம் காலை 8:30க்கு ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் இறங்கும். மாராவுக்கு நீ வாங்கப் பார்க்கும் டிக்கெட் 10:30க்கு, வில்சன் விமான நிலையத்திலிருந்து. இரண்டும் ஒரே இடம் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. வில்சன் ஊரின் வேறொரு பக்கம், லாங்காட்டா சாலையில், நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிறது. இமிகிரேஷன் வரிசை, தடுப்பூசி அட்டை பார்க்கிற இடம், பெட்டி வரும் நேரம் எல்லாம் முடிந்து நீங்கள் வெளியே வரவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். 2022இல் திறந்த விரைவுச்சாலையில் பணம் கட்டிப் பறந்தாலும் அது வில்சன் வாசலில் கொண்டுபோய் விடாது. கீழே இறங்கிக் காலை நெரிசலில் சேர்ந்துகொள்ள வேண்டும். சிறிய விமானமானாலும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. இரண்டும் தனித்தனி டிக்கெட். மும்பை விமானம் தாமதமானால் வில்சன்காரர்களுக்கு உன்னைப் பற்றிக் கவலையில்லை. உன் சித்தப்பா வந்தபோது இதே கதைதான். மூன்று மணி நேரத் தாமதம். சிறிய விமானம் போய்விட்டது. பணமும் திரும்பி வரவில்லை. அன்றிரவு நம் வீட்டு ரசம் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, முதலிலேயே இங்கு வந்திருக்கலாம்" என்றார்.

அதனால் இறங்கிய அன்று நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்த விரைவுச்சாலை முடிகிற வெஸ்ட்லண்ட்ஸிலிருந்து நம் வீடு இருக்கும் பார்க்லண்ட்ஸ் கூப்பிடு தூரம். அன்று குழந்தைகள் தூங்கட்டும். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டைவிட மேலே. ஆகஸ்டில் காலையில் நன்றாகவே குளிரும். ஆப்பிரிக்கா என்றதும் மருமகள் பருத்திச் சட்டையாக அடுக்கியிருப்பாள்; ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துவைக்கச் சொல். விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் நின்றால் பல் தந்தியடிக்கும்.

மறுநாள் காலை 6 மணிக்கு மாராவுக்குச் சாலை வழியாகக் கிளம்புங்கள். "270 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், வீண்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகும்போது சாலை, திரும்பும்போது விமானம் என்பதே என் யோசனை. லிமுரு தாண்டியதும் தரை திடீரென்று அறுந்து விழுந்ததுபோல் பிளவுப் பள்ளத்தாக்கு கீழே விரியும். எதிரே லாங்கோனாட் எரிமலை. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நானும் அப்பாவும் பேசாமல் நின்றோம். அப்பாவைப் பேசாமல் நிற்க வைத்த இடம் என்றால் பார்த்துக்கொள். அங்கே ஆட்டுத்தோல் தொப்பி விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்காதே. இறக்கத்தில் சாலையோரமாக ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் அந்தச் சாலையைப் போட்டபோது 1942இல் கட்டியது. பிறகு மாய் மாஹியு, கோதுமை வயல்கள், நாரோக். டீசல், பணம், கழிப்பறை எல்லாவற்றையும் நாரோக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையில் லாரிகள் அதிகம். இருட்டில் மட்டும் போகவே கூடாது.

நண்பகல் தாண்டி மாராவின் செக்கெனானி வாயிலுக்கு வந்துவிடுவீர்கள். உடனே உள்ளே போய்விடாதே. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர் கட்டணம். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். மூன்று மணிக்கு நுழைந்தால் பாதிக்கு மேல் போச்சு. முதல் இரவு வாயிலுக்கு வெளியே தங்கி, மறுநாள் 6 மணிக்கு முதல் வண்டியாக நில். உள்ளே தங்கியவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாளுக்கும் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே திரும்பும் விமானம் காலையில் இருக்கட்டும். மாலை விமானம் மலிவு என்று பார்க்காதே.

அந்த விமானத்துக்கு "மாரா" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அது போதாது. மாராவில் கீக்கோரோக், ஓல் கியோம்போ, முசியாரா, கிச்வா டெம்போ என்று பல மண் ஓடுபாதைகள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஜீப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். தங்கும் இடத்தாரைக் கேட்டு அருகிலுள்ள பெயரைப் போட்டு டிக்கெட் வாங்கு. விமானமும் நம் ஊர் டவுன் பஸ்போல இரண்டு மூன்று இடங்களில் இறங்கி ஆள் ஏற்றிக்கொண்டுதான் வரும். ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸ்களை என் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டுப் போங்கள்.

செரங்கெட்டியை விட்டுவிடு. வரைபடத்தில் மாராவும் அதுவும் ஒட்டியிருப்பதைப் பார்த்து "காரில் 2 மணி நேரம்" என்று எழுதியிருக்கிறாய். நடுவில் இருப்பது நாட்டு எல்லை. வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான்கள் கடக்கலாம், நீ கடக்க முடியாது. மேற்கே இசெபானியா என்ற எல்லை ஊருக்குப் போய், முத்திரை வாங்கி, தான்சானியா விசாவோடு சுற்றி வர வேண்டும். ஆகஸ்டில் அந்த மந்தைகள் மாராப் பக்கம்தான் இருக்கும். அவை இங்கே வந்திருக்கும்போது நீ எதைத் துரத்திக்கொண்டு அங்கே போகிறாய்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அட்டவணையில் எங்குமே காணோம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்த அட்டையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியே வைத்துவிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், இந்த வாரமே நால்வரும் போய்விடுங்கள். கென்யாவுக்குள் வர மின்னணுப் பயண அனுமதியும் குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

ஓட்டுநரிடம் நேரம் பேசுவதை எங்களிடம் விட்டுவிடு. சுவாஹிலியில் மணி விடியலிலிருந்து தொடங்கும். "சா மோஜா", அதாவது ஒன்றாம் மணி என்றால், நமக்குக் காலை 7. வந்த புதிதில் மெக்கானிக் நான்காம் மணிக்கு வரச் சொன்னதாக நினைத்து அப்பா மாலை 4 மணிக்குப் போனார். அவன் காலை 10 மணியிலிருந்து காத்திருந்தானாம். தாத்தா சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது எப்படிப் புரியாமல் போயிற்று என்று இன்றுவரை கேலி செய்கிறேன்.

காப்பி விளைகிற நாட்டில் இருந்துகொண்டு அப்பா கேட்பது கும்பகோணம் காப்பித்தூள், சிக்கரி கலந்தது, ஒரு கிலோ. கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் கைப்பையோடு வராதே, 2017 முதல் இங்கு அதற்குத் தடை. துணிப்பையில் வைத்துக் கொண்டு வா. சாலைப் பயணத்துக்கு நமக்குப் பழக்கமான ஓட்டுநரையே பேசியிருக்கிறோம். ஆகஸ்டில் அவருக்கு வேலை நிறைய இருக்கும், முன்பணம் கொடுத்தால்தான் நமக்காக அந்த நாளை ஒதுக்கிவைப்பார். வியாழக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா