லொபேராவை விட்டுவிட்ட கட்டுரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அல்சைமர் கட்டுரையைப் படித்தேன். லெகனெமாப், டோனனெமாப் ஆகிய புது மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதைக் கட்டுரையாளர் சிக்கலில்லாமல் விளக்கியிருக்கிறார். மூளை வீக்கம், ரத்தக்கசிவு போன்ற பக்க விளைவுகளையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் கிரெனெசுமாப் என்ற மருந்தை, 'கொலம்பியாவில் சோதித்துப் பார்த்தார்கள், பலனில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவரின் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை.

1980களின் தொடக்கத்தில், கொலம்பியாவின் மெடலின் நகரில் லொபேரா நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, நாற்பதுகளில் இருந்த ஒருவரை நினைவு தவறிப்போன நிலையில் அவரிடம் கூட்டிவந்தார்கள். விசாரித்தால், முந்தைய தலைமுறையிலும் இதே கதை. அந்த வயதில் அல்சைமர் வருவது அபூர்வம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவரோ அந்தக் குடும்பத்தின் வேர்களைத் தேடி அந்நகரைச் சுற்றியுள்ள ஆந்தியோக்கியா மாநிலத்தின் மலைக் கிராமங்களுக்குக் கிளம்பிவிட்டார். ஏதோ ஒரு மரத்தைத் தொட்ட பாவம் என்றும், பாதிரியார் விட்ட சாபம் என்றும் அங்கே ஒரு பேச்சு இருந்தது. லொபேராவும் செவிலியர் லூசியா மாத்ரிகலும் வீடு வீடாகப் போய் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதினார்கள். பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமண, இறப்புப் பதிவேடுகளையும் புரட்டினார்கள். தனித்தனிக் குடும்பங்களாகத் தெரிந்தவை பல தலைமுறைகளுக்கு முன்னால் ஒரே வேரில் போய் முடிந்தன. கொரில்லாக் குழுக்களும் போதைப்பொருள் கும்பல்களும் ஆட்டிவைத்த காலத்தில் நடந்த வேலை இது.

1995இல் காரணம் பிடிபட்டது. பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் அது இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. வந்துவிட்டால் ஏறக்குறைய 44 வயதில் மறதி தொடங்கி, 49 வாக்கில் அன்றாட வேலையையே செய்ய முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். சுமார் 6,000 பேர் கொண்ட இந்த உறவுக்கூட்டத்தில் அந்தப் பிழையைச் சுமப்பவர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும்' என்ற தொனியில் கட்டுரையில் ஓரிடம் இருக்கிறது. இப்படி நேரடியாகக் கைமாறும் வகை, மொத்த அல்சைமர் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரைக்கூடத் தொடாது. எழுபது, எண்பதில் வரும் வழக்கமான வகைக்கு வயதுதான் முதல் காரணம். ஏபிஓஇ-4 போன்ற மரபணு வகைகள் ஆபத்தைக் கூட்டுமே தவிர, விதியை எழுதிவிடுவதில்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி வந்ததைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் வாசகர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அடுத்த இதழில் இதற்கு ஒரு விளக்கம் போட்டால் நல்லது.

கட்டுரை தோல்வி என்று சொன்ன சோதனைக்கு வருகிறேன். 2013இல் தொடங்கிய அதில் 252 பேர் சேர்ந்தார்கள். அப்போது யாருக்கும் நோய் தொடங்கியிருக்கவில்லை. வருமுன் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மரபணுப் பிழை இல்லாதவர்களையும் சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டார்கள். ஏன் தெரியுமா? பிழை உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சோதனையில் இடம் கிடைத்ததே அவர்களுக்குத் தீர்ப்பாகிவிடும். தன் தலையெழுத்து என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பாதவருக்கும் அதில் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2022இல் முடிவு வந்தது. மருந்து நோயைத் தடுத்ததாக நிறுவ முடியவில்லை. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்தபடி வராத முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட அந்த மனிதர்களுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

லொபேராவின் பணியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு. அதே குடும்பத்தில் ஒரு பெண்மணி. பிழை இருந்தும், எழுபது வயதைக் கடக்கும்வரை அவருக்கு மறதி எட்டிப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதப் படிவு மூளை நிறைய இருந்தது, ஆனால் நரம்புச் செல்களுக்குள் முடிச்சு முடிச்சாகச் சேரும் டௌ என்ற இன்னொரு புரதத்தின் சிக்கல் மிகக் குறைவு. ஏபிஓஇ மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' எனப்படும் அபூர்வ மாற்றத்தின் இரண்டு பிரதிகள் அவரிடம் இருந்தன. இந்த ஆய்வு 2019இல் வெளியானது. 2023இல் இன்னொருவர்: 67 வயதுவரை தெளிவாக இருந்த ஆண், அவரிடம் ரீலின் மரபணுவில் மாற்றம். 2024இல், கிறைஸ்ட்சர்ச் மாற்றத்தின் ஒரே பிரதி உள்ள 27 பேருக்கு மறதி ஏறத்தாழ ஐந்து ஆண்டு தாமதமாகத் தொடங்கியதாக வந்தது.

மற்ற எல்லாருக்கும் எந்த வயதில் நோய் தொடங்கியது என்று ஊர் ஊராகக் குறித்துவைத்த கணக்கு இருந்ததால்தான், அந்தப் பெண்மணிக்கு வராதது கண்ணில் பட்டது. அந்தக் கணக்கு இல்லையென்றால் அவர் வெறுமனே நல்ல நினைவாற்றல் உள்ள ஒரு பாட்டி. படிவு நிறைந்த மூளையும் முதுமையைத் தாங்கி நிற்கலாம் என்பது இப்போது மருந்து தேடுபவர்களுக்கு ஒரு புது வழி. ஆய்வகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

லொபேரா 2024 செப்டம்பரில், 73 வயதில் காலமானார். தான் பின்தொடர்ந்த குடும்பங்களைக் காப்பாற்றும் மருந்தை அவர் பார்க்கவில்லை. அந்தக் குடும்பங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன். ரத்தமும், இறந்தபின் மூளையும் கொடுத்தவர்களுக்கு, நாளை ஒரு மருந்து பலித்தால் அதில் முதல் உரிமை உண்டா, அந்த விலையை யார் கட்டுவது என்பதையும் கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்