செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பள்ளிகளில் தொலைநோக்கி நிகழ்ச்சிகளும் வழக்கம்போல் நடைபெற்றன. கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நமது வானியல் சங்கத்துக்கு இது சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனின் ஆண்டு.

சீனாவின் ஊதா மலை வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023 தொடக்கத்தில் கண்டறிந்த இந்த வால்மீன், சூரியனை நெருங்குமுன்பே உடைந்துவிடும் என்று 2024 ஜூலையில் ஒரு கணிப்பு வெளியானது. அது உடையவில்லை. செப்டம்பர் 27 அன்று, சூரியனிலிருந்து 6 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் முழுதாகக் கடந்து சென்றது.

வால்மீனை விடியலுக்கு முன் கீழ்வானில் பார்க்கத் திட்டமிட்டோம். அக்டோபர் நடுவில் மாலையிலேயே பார்க்கலாமே, விடியலுக்கு முன் எதற்கு எழ வேண்டும் என்று சிலர் கேட்டனர். மழைக்காலத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று மூத்த உறுப்பினர்கள் உறுதியாக நின்றனர். அவர்கள் சொன்னதே சரி. அக்டோபர் 15இல் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மாலை வானத்தை மேகம் மூடிவிட்டது.

மரக்காணம் கடற்கரையில் அதிகாலை ஐந்து மணிக்குப் பிறகு, கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் வால்மீன் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு மங்கல். பைனாகுலரில் தலையும், சூரியனுக்கு எதிர்த்திசையில் மேல்நோக்கி நீண்ட வாலும் தெளிவு. முதன்முறையாகப் பார்த்த பள்ளி மாணவிகள் பைனாகுலரைக் கைமாற்றவே மறுத்தார்கள். அதைவிட மகிழ்ச்சியான காட்சியை நான் இந்தச் சங்கத்தில் கண்டதில்லை.

படம் எடுத்தவர்கள் உயரத்தில் இருந்த வியாழனை வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவை முக்காலியில் கிழக்கே திருப்பினார்கள். 135 மில்லிமீட்டர் லென்ஸில் மூன்று நொடிக்கு மேல் திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடும். ஆகவே குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். உப்புக் காற்றில் லென்ஸை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது.

இப்படங்கள் கைப்பேசிகளிலேயே தங்கிவிடக் கூடாது. காவலூர் வானாய்வகத்தை நிறுவிய வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது புதிய வால்மீனைக் கண்டது ஒரு புகைப்படத் தட்டில்தான். தேதி, நேரம், இடம், லென்ஸ் விவரங்களுடன் மூலக் கோப்புகளை ஒப்படைக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும் கேமராத் தாங்கி ஒன்றை வாங்கும் தீர்மானத்துடன், இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்