படுக்கைக்கு ஒரு கட்டணம், சாப்பாட்டுக்கு ஒரு கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றச் சங்கங்கள் நடத்தும் குடில்களில் ஓரிரவு தங்குவதே சாதாரண வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை என்ற குறை பரவலாகக் கேட்கிறது. குறை நியாயமானதுதான். ஆனால், “லாப நோக்கமில்லாத சங்கம் ஏன் ஓட்டல் வாடகை வாங்குகிறது?” என்ற கேள்வி இலக்கு தவறிப் போகிறது. விலையை ஏற்றுவது பெரும்பாலும் படுக்கை அல்ல, அதோடு சேர்த்துக் கட்டிவிடும் இரவு உணவும் காலை உணவும்தான்.

1876-ல் தொடங்கிய அமெரிக்காவின் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப்புக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மலைகளில் 8 குடில்கள் உண்டு. முழுச் சேவை நடக்கும் மாதங்களில் ஒருவருக்கு ஓரிரவு 100 டாலரைத் தாண்டிவிடும். அதற்குக் கிடைப்பது பொது அறையில் ஓர் அடுக்குக் கட்டில், தலையணை, கம்பளி. குளிக்க வசதியில்லை, படுக்கையறையில் வெப்பமூட்டியும் இல்லை. விரிப்பு நம்முடையது. பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அங்கே சாலை கிடையாது. எரிவாயுவும் கெடாத பண்டங்களும் பருவத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. காய்கறி போன்றவற்றைப் பணியாளர்கள் மரச்சட்டத்தில் கட்டி முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். இறங்கும்போது அதே சட்டத்தில் குப்பை இறங்குகிறது. தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிக்கும் இந்தச் சுமைகூலி ஏறிவிடுகிறது.

இதற்குச் சான்று அந்தச் சங்கத்திடமே இருக்கிறது. கூட்டம் குறைந்த மாதங்களில் சில குடில்களை ஒரே ஒரு பராமரிப்பாளரை வைத்துத் திறந்துவைக்கிறார்கள். அடுப்பும் பாத்திரமும் அங்கே இருக்கும்; அரிசி பருப்பு நாம் கொண்டுபோக வேண்டும். அதே சுவர், அதே கட்டில், ஆனால் கட்டணம் வெகுவாக இறங்கிவிடுகிறது.

1868-ல் தோன்றிய நார்வே மலையேற்றச் சங்கம் இதை இன்னும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. பணியாளர் உள்ள குடில், பண்டம் அடுக்கிய சுயசேவைக் குடில், பண்டமும் இல்லாத குடில் என்று மூன்று வகை. சுயசேவைக் குடில்களில் பூட்டியிருப்பவற்றைச் சங்கத்தின் பொதுச் சாவி திறக்கும். உள்ளே விறகு, எரிவாயு, டப்பா உணவு எல்லாம் இருக்கும். எடுத்ததைத் தாங்களே கணக்கெழுதி, படுக்கைக் காசோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கிளம்பும் முன் தரையைக் கூட்டி, சாம்பலை அள்ளி, அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து வைப்பது தங்கினவர் கடமை. சம்பளச் செலவு பெருமளவு மிச்சமாவது இப்படித்தான்.

சுயசமையல் என்றதும் சங்க நிர்வாகிகள் முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. எண்ணெயும் கஞ்சியும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றப்பட்டால், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் கொழுப்புப் பொறி அடைத்துக்கொள்ளும். குளிரில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுவதால், சமவெளியில் தாங்கும் அளவுக்கு மலைமேல் கழிவுநீர்த் தொட்டி தாங்காது, நாற்றம் கிளம்பிவிடும். சிந்தின பருக்கைக்கு எலி வரும், எலி வந்தால் மெத்தை போச்சு. இவற்றைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். கழுவும் தொட்டியின் வடிகால் வாயில் நுண்துளை வடிகட்டி போட வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவ வேண்டும். மிச்சம் மீதியை மூடியுள்ள டப்பாவில் அவரவரே கீழே கொண்டுபோக வேண்டும். சிலிண்டர் சுவருக்கு வெளியே, மூடும் குழாய் உள்ளே கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 40 படுக்கையில் 10 படுக்கையைச் சுயசமையலுக்கு ஒதுக்கி, இரண்டு பந்தியாக அடுப்பைக் கொடுத்தால் நெரிசலும் இராது.

உறுப்பினராகச் சேரும் முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஆண்டுச் சந்தாவை, உறுப்பினர் கட்டணத்துக்கும் மற்றவர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் எத்தனை இரவில் சந்தா மீளும் என்பது தெரியும். ஐந்து இரவுக்கு மேல் வந்தால் யோசியுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் சங்கங்கள் ஒருவர் உறுப்பினருக்கு மற்றவர் சலுகை தருவதால் அங்கே கணக்கு சீக்கிரம் நேராகும். உறுப்பினர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் முழுக் கட்டணம் கேட்பார்கள், வாதாடிப் பயனில்லை. மெல்லிய உள்விரிப்புப் பை ஒன்றையும் எடுத்துப்போங்கள். இல்லாவிட்டால் அங்கே காசு கொடுத்து வாங்கவேண்டி வரும்.

சங்கங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ரசீதில் படுக்கை, உணவு, சுமைகூலி மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டட்டும். சுடுநீர்க் குளியலும் வைஃபையும் வேண்டும் என்று எழுதுபவரே கட்டணம் கூடிவிட்டது என்றும் எழுதுகிறார். தனி வரியைப் பார்த்தால் எது எவ்வளவு என்று அவருக்கே புரியும்.

மற்றொன்று முன்பதிவு. இலவசமாக ரத்து செய்யலாம் என்றால், ஒரே இரவுக்கு மூன்று குடில்களில் இடம் பிடித்துவைத்துவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பெருகுகிறார்கள். 40 பேருக்கு உலை வைத்த குடிலில் 22 பேர்தான் வந்து சேர்வார்கள். மீதிப் பேரின் செலவு வந்தவர் தலையில் விழும். படுக்கைக் காசின் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு முன் ரத்து செய்தால் திருப்பித் தரலாம். அதற்குப் பிறகு என்றால், அந்தப் படுக்கைக்கு வேறொருவர் வந்தால் மட்டுமே திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்