ஸ்னாப் போரடிக்குதுன்னு சொன்ன உனக்கு

டேய் மாப்ள,

எப்படி இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லையா, புது வேலை செட் ஆயிடுச்சா? இதுக்கெல்லாம் ஒரு வரியில பதில் போடு போதும், ஏன்னா நான் எழுத உக்காந்ததே வேற விஷயத்துக்கு. போன தடவ போன்ல நம்ம கார்டு கேமப் பத்தி "மார்வெல் ஸ்னாப்ல என்னடா இருக்கு, எல்லாரும் அதே நாலு டெக்க காப்பி அடிச்சு ஆடறான், அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டு வச்சுட்ட பாரு, அது எனக்கு மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு. நம்ம கூட்டாளி தாடி சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நீ சொல்லிட்டியே, அதான் விட முடியல.

நம்ம பழைய பேட்ரியாட் டெக் ஞாபகம் இருக்குல்ல? பேட்ரியாட், மிஸ்டிக், கடைசி டர்ன்ல அல்ட்ரான்னு மூணு கார்டு, அல்ட்ரான் எறங்குனா காலியா கெடக்கற மத்த ரெண்டு லொகேஷன்லயும் (கார்டு வைக்கற இடம்) நாலு நாலு ட்ரோன், ஒவ்வொண்ணும் சொந்தமா 1, பேட்ரியாட் குடுக்கற +2, அவன காப்பி அடிக்கற மிஸ்டிக் குடுக்கற +2ன்னு 5 பவர், ஒரு பக்கத்துக்கு 20. வந்தா எதிராளி காலி. ஆனா வரணுமே! டெக்ல 12 கார்டு, ஆறாவது டர்ன் வரைக்கும் பாக்கறது 9. அப்ப ஒரு குறிப்பிட்ட கார்டு கைக்கு வர வாய்ப்பு 75 சதவீதம், மூணும் சேர்ந்து வரணும்னா 38தான். நீ "லக்கு இல்லடா"ன்னு போனத சோபாவுல வீசுனதுக்கு இதாண்டா காரணம்.

இப்ப நான் என்ன பண்றேன்னா, அதே டெக்குக்குள்ள கா-ஸார நுழைச்சிருக்கேன். பேட்ரியாட் எபிலிட்டி இல்லாத கார்டுக்கு +2 குடுக்கறான், கா-ஸார் காஸ்ட் 1 கார்டுக்கு (போட ஒரே ஒரு எனர்ஜி ஆகற கார்டு) +1 குடுக்கறான், ட்ரோன் ரெண்டு கணக்குலயும் வருது! அதனால மூணு பேரும் வரணும்னு தவம் கெடக்க வேணாம், அல்ட்ரானும் இந்த ரெண்டு பேர்ல எவனாவது ஒருத்தனும் வந்தா ஆட்டம் இருக்கு, அந்த வாய்ப்பு 71 சதவீதம் (சரியான டர்னுக்கு முன்னாடி வரணும்ங்கறது தனிக் கதை). மிஸ்டிக் வந்தா ரெண்டு பேர்ல யாருக்குப் பின்னாடி போட்டாலும் அவன் எபிலிட்டிய காப்பி அடிச்சுக்குவா. உச்சம் கொஞ்சம் குறையுது, 20க்கு பதிலா பல தடவ 12லதான் நிக்குது, ஆனா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற மேட்ச் ரொம்பக் கம்மியாயிடுச்சு.

இனிமேதான் விஷயமே. இந்த டெக்குக்கு எமன் கில்மாங்கர்ங்கற கார்டு, அது திறந்தா போர்டுல இருக்கற காஸ்ட் 1 கார்டு அத்தனையும் ஒரே அடியில போயிடும். ரெண்டு பேரும் கவுத்து வச்ச கார்டுல, யாரு ஜெயிச்சுக்கிட்டிருக்கானோ அவன் கார்டுதான் முதல்ல திறக்கும், அப்ப நான் முன்னாடி இருந்தா என் ட்ரோன் முதல்ல எறங்கும், அப்புறம் அவன் கில்மாங்கர் வந்து மொத்தமா பெருக்கித் தள்ளிடுவான். அதனால அஞ்சாவது டர்ன்ல நான் வேணும்னே பின்தங்கறேன்டா! போன வாரம் ஒரு மேட்ச், கையில நல்ல கார்டு இருந்தும் ஜெயிக்கற லொகேஷன்ல போடாம, ஏற்கெனவே தோத்துட்டிருக்கற இடத்துல கொண்டு போய் வச்சேன். ஆறாவது டர்ன், அவன் கார்டு முதல்ல திறக்குது, கில்மாங்கரேதான், அடிக்கறதுக்கு போர்டுல ஒண்ணுமே இல்ல, அதுக்கப்புறம் என் அல்ட்ரான் எறங்கறான். சத்தம் போட்டே சிரிச்சுட்டேன். ஆனா கில்மாங்கருக்கு பதிலா, அல்ட்ரான் எறங்கற லொகேஷன்லயே அவன் காஸ்மோங்கற கார்ட வச்சிருந்தான்னு வை, அது முதல்ல திறந்து அல்ட்ரான் வாயவே அடைச்சிருக்கும், ட்ரோனே வந்திருக்காது. அப்ப அவன் கையில இருக்கறது கில்மாங்கரா காஸ்மோவான்னு அஞ்சாவது டர்ன்லயே நான் படிச்சாகணும். இத எந்த டெக் லிஸ்ட்டும் உனக்கு சொல்லித் தராது.

இன்னொண்ணு, நீ ரிட்ரீட்ட, அதான் பாதியில விலகறத, அவமானமா பாப்ப, கடைசி வரைக்கும் நின்னு சாகற ஆளு நீ. புது டெக்க சோதிக்கறப்ப அது ஆகாது. பத்து மேட்ச்ல ஆறுல தலா ஒரு க்யூப் (ரேங்குக்கான பந்தயப் புள்ளி) மட்டும் விட்டுட்டு ஓடிட்டு, கார்டு வந்த நாலுல ஸ்னாப் பண்ணி, அதாவது பந்தயத்த ரெட்டிப்பாக்கி, நாலு நாலா எடுத்தா 10 க்யூப் லாபம். தோத்த மேட்ச்தான் அதிகம், ஆனா ரேங்க் ஏறுது. வின் ரேட்ட மட்டும் பாத்து டெக்க தூக்கிப் போட்டவன் எத்தன நல்ல ஐடியாவ பாதியில கொன்னிருப்பான்!

மாப்ள, சீரியஸா ஒண்ணு கேக்கறேன். உனக்கு கேம் அலுத்துப் போச்சுன்னா சரி, நான் இழுக்க மாட்டேன். ஆனா நீ காலேஜ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன எழுப்பி "இந்த ரெண்டு கார்ட சேத்துப் பாத்தியா"ன்னு கேட்டவன். வேலை மாறுனதுல இருந்து நீ எதப் பத்தியும் அப்படிப் பேசி நான் கேக்கல. உடம்புக்கோ மனசுக்கோ எதாவதுன்னா என்கிட்ட சொல்லு, கார்டு கதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஒண்ணும் இல்லன்னா திரும்ப இன்ஸ்டால் பண்ணு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட் பேட்டில், ஆளுக்கு 10 ஹெல்த். நீ சொந்தமா கட்டுன டெக்கோட வரணும், காப்பி அடிச்சா ரெண்டாவது டர்ன்லயே கண்டுபிடிச்சுடுவேன். கில்மாங்கர் வச்சுக்க, தடையில்ல. தாடிகிட்ட மட்டும் என் டெக்க சொல்லிடாத.

உன்
பழைய ரூம்மேட்